ஒரு மணி நேரம் நின்ற கப்பல்

பிரதீபாவின் வள்ளத்துக்குள் கால் நீட்டிப் படுக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம், குனிந்து இரண்டு எட்டு நடக்கலாம். நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் மட்டும் வெளியே வந்துவிட வேண்டும். முன்னிருந்து பின்வரை அளந்தால் பதினேழு அடி. நெல் மூட்டை ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லர் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் வள்ளம்தான் ஒல்லிப்பிச்சானாகத் தெரியும். அதில்தான் அவள் கொச்சியிலிருந்து சீஷெல்ஸ் தீவுக்கு, இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டித் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். இன்ஜின் கிடையாது. இரண்டு பாய், ஒரு சுக்கான், தூங்கும்போது அந்தச் சுக்கானைக் காற்றைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு இறக்கை. அவ்வளவுதான் பரிவாரம்.

வள்ளத்துக்கு நாத்து என்று பெயர். வயலில் நடுகிற அதே நாத்துதான். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில், வீட்டுக் களத்திலேயே, மரப்பலகை வைத்து, மேலே பைபர் ஒட்டி, மூன்று வருஷமாகக் கட்டினாள். சிற்றூர் ரோட்டில் அவளுக்கு ஒரு பைபர் பட்டறை உண்டு. கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற இடம். அணைக்கட்டில் மீன் பிடிக்கிறவர்கள் ஒருமுறை ஒரு தோணி கேட்டார்கள். அதைச் செய்து கொடுத்தவளுக்கு அப்புறம் தொட்டியில் மனசு நிற்கவில்லை. தொட்டி தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும், தோணி வெளியே வைத்துக்கொள்ளும், வேலை ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டாள். அறுப்பு வந்தால் களம் நெல்லுக்கு வேண்டும். அப்போதெல்லாம் பன்னிரண்டு பேர் கூடி வள்ளத்தைத் தூக்கித் தென்னைக்கு அடியில் வைப்பார்கள், அறுப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொச்சிக்கு பஸ் ஏறிப் போய், நாலு வருஷத்தில் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். சாட்டிலைட் போனுக்கு அனுமதி வாங்க மட்டும் ஏழு மாதம் ஆனது. கடல் தாண்டுவதைவிட அதுதான் பெரும்பாடு என்று பஞ்சாயத்து ஆபீசில் இன்றைக்கும் சொல்வார்கள்.

முப்பத்தெட்டு வயசில் ஒரு பெண், கடல் எட்டிப் பார்க்காத ஊரிலிருந்து, இப்படிக் கிளம்பினாள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கும் வந்தது. பதினாறு நாள் அவள் சிரித்த முகமாகத்தான் போனாள்.

வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மினிக்காய்த் தீவு இருக்கும் திசையை மட்டும் பார்த்துக் கையசைத்துவிட்டுக் கடந்தாள். ஒரு பங்கு கடல் தண்ணீரும் இரண்டு பங்கு நல்ல தண்ணீரும் ஊற்றிச் சோறு ஆக்கினால் உப்புப் போட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தாள். காலையில் எழுந்து பார்த்தால் மேல்தட்டில் இரண்டு பறக்கும் மீன் கிடக்கும். கடைக்குப் போகாமல், பேரம் பேசாமல், வீட்டு வாசலில் மீன் வந்து விழுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, பாயின் நிழலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் அதைச் செய் இதைச் செய் என்று சொல்லமாட்டார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளுக்கு இது புதுசு.

தினமும் காலையில் ஒரே ஒரு வேலை கட்டாயம். தரைப்பலகைக்கு அடியில் கையை விட்டு, அங்கே போட்டு வைத்திருக்கும் பஞ்சை எடுத்துப் பிழிந்து பார்ப்பாள். பதினைந்து நாளும் பஞ்சு காய்ந்தே இருந்தது. பதினாறாம் நாள் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

பதினேழாம் நாள் காலையில் பஞ்சு மிதந்தது.

பயந்துவிடாதீர்கள், வள்ளம் ஒன்றும் முங்கவில்லை. ஆனால் அவள் பயந்தாள். கைப்பம்பை எடுத்து அடித்தாள். மணிக்கு நாற்பது அடி அடித்தால் தண்ணீர் வற்றியது. அடுத்த மணியில் மறுபடி நாற்பது. எங்கிருந்து வருகிறது என்றுதான் பிடிபடவில்லை. அத்தனை சின்ன வள்ளத்தில் ஒரு மாசச் சாமான். அரிசி டின், தண்ணீர்ப் பை, கயிறு, பாய், கருவி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தது. வருகிற தண்ணீர் எங்கே நுழைந்தாலும் நடுப்பள்ளத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். சுக்கான் பக்கம் இருக்குமென்று பின்பக்கச் சாமானையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். அங்கே எலும்பு போலக் காய்ந்திருந்தது. திரும்ப ஏற்றி வைப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலை பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போன் பேசுவது வழக்கம். அன்றைக்கு அந்த முறை. பேச்சு வானத்துக்குப் போய் இறங்கி வருவதற்குள் ஒரு நொடி பிடிக்கும். அதனால் ஒவ்வொரு பதிலும் யோசித்துச் சொல்கிற பதில் போல இருக்கும்.

"பிரதீ, கேக்குதா?" என்றான் புருஷன் கோகுல்நாத்.

"கேக்குதுங்க."

"இப்ப எங்க இருக்கறே?"

"கடல்லதானுங்க."

"அது எனக்குத் தெரியாதா புள்ளே! சரி, சாப்பாடெல்லாம்..."

"குடு இங்க போனை," என்று மாமியார் பழனாத்தாளின் குரல் குறுக்கே வந்தது. "அம்முணி, என்னமோ டொக்கு டொக்குனு கேக்குதே, அதென்னது?"

பேசிக்கொண்டே பிரதீபா ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். "ஒண்ணுமில்லீங்கத்தை. பாய் ஆடுதுங்க."

"பாய் டொக்குனு ஆடுமா? கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து தோட்டத்துல பம்புச் சத்தத்துலயே தூங்கி எந்திரிச்சவகிட்ட வந்து பாய்ங்கறயே! தண்ணி ஏறுதா?"

மாமியாரிடம் ஒளிக்க முடியாது. பதினாறு வருஷத்தில் பிரதீபா கற்றுக்கொண்ட பாடம் அது. "கொஞ்சமாத்தானுங்க," என்றாள்.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"உப்புங்க."

ஒரு நொடி போனது. இரண்டு நொடி போனது. சாட்டிலைட்டுக்கு அத்தனை நேரம் தேவையில்லை.

"முன்னால பக்கமா, பின்னால பக்கமா?" என்றாள் பழனாத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அதுதான் தெரியிலீங்க. எல்லாம் நடுவுல வந்து நிக்குது."

அந்தப் பக்கம் யாரோ போனைக் கையால் பொத்தியது போல ஒரு கரகரப்பு. அதற்குள்ளிருந்து கோகுலின் குரல் அரைகுறையாகக் கேட்டது: "சொல்லிப் போடலாம்மா." மாமியாரின் பதில்: "வாயை மூடு." அப்புறம் லைன் போய்விட்டது. கடற்படைக்குச் சொல்லிவிடலாமா என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் போல என்று பிரதீபா நினைத்துக்கொண்டாள். நினைக்கக்கூட நேரமில்லை. பம்பு காத்திருந்தது.

கிளம்பும் முன்பே, கொச்சியில் நிதானமாக இருந்த ஒரு சாயங்காலம், உள்சுவரில் பென்சிலால் தனக்குத்தானே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: 'பம்பு மணிக்கு இருநூறு அடிக்கு மேல் போனால் வீம்பு வேண்டாம், உதவி கேள்.' நிதானமாக இருக்கும்போது எழுதியதைப் பதறும்போது அழிக்கக்கூடாது என்பது அவள் தீர்மானம். பதினெட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பம்பு நூற்றெண்பதில் நின்றது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, துணி சுற்றி அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் வடக்கே ஒரு கப்பல் தெரிந்தது.

ரேடியோவில் அவள் இங்கிலீஷில் கூப்பிட்டாள். அந்தப் பக்கமும் இங்கிலீஷில் பதில் வந்தது. வள்ளத்தின் பெயர் என்ன, நீளம் என்ன, எந்தத் துறைமுகம் என்று கேட்டார்கள். கொச்சி என்றாள். ரேடியோ மலையாளத்தில், கொச்சியில் எந்தப் பக்கம் என்று கேட்டது. பாலக்காடு ஜில்லா, சிற்றூர்ப் பக்கம் என்றாள்.

"சிற்றூரா? அப்ப தமிழாக்கா?"

"தமிழ்தானுங்க!"

"அடி ஆத்தி! நான் சாந்தன்பாறைக்கா. எங்கம்மா இப்பவும் அங்கிட்டு ஏலக்காட்டுலதான் இருக்காங்க. என் பேரு ரிஜோ, இந்தக் கப்பல்ல செகண்ட் ஆபீசர். ஏக்கா, ராடார்ல உங்களப் பாத்துட்டு ஏதோ டிரம்மு மிதக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

"டிரம்முக்கு யாராச்சும் பாய் கட்டுவாங்களா தம்பி?"

"எங்க ஊர்ல ஒரு ஜீப்புலயே பதினெட்டு பேர ஏத்துவாங்கக்கா. எதையும் நம்பலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தர் மலையிலிருந்து வந்தவர், இன்னொருத்தர் வயலிலிருந்து வந்தவர். சொந்த ஜில்லாக்களில் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத இரண்டு பேர், பூமத்திய ரேகைக்கு இரண்டு டிகிரி மேலே நின்று சிரித்தார்கள். கப்பல் நெருங்கி வந்தது. மூன்று மாடிக் கட்டடம் படுத்துக்கொண்டு வருவது போல இருந்தது. நாத்துவின் விலாவிலிருந்து பீச்சிக்கொண்டிருந்த பம்புத் தண்ணீரை ரிஜோ பைனாகுலரில் பார்த்துவிட்டான். அவன் குரலில் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, எம்புட்டு நேரமா அடிக்கிறீங்க?"

சொன்னாள். அவன் கேப்டனிடம் பேசிவிட்டு வந்தான்.

"கேப்டன் ஏணி எறக்கச் சொல்றாருக்கா. ஆள ஏத்திக்கலாம். ஆனா வள்ளத்த ஏத்த முடியாது. இந்த அலையில கிரேன் போட்டுத் தூக்குனா எங்க கப்பல்ல மோதி நொறுங்கிரும்."

"அப்ப வள்ளத்தை இப்படியே விட்டுப்போட்டு வரோணுமா?"

"விடவும் கூடாதுக்கா. ராத்திரியில வேற கப்பல் வந்து மோதிரும். கெளம்புறப்ப நீங்களே அடியில ஓட்டை போட்டு, முங்கவிட்டுட்டுத்தான் வரணும்." அவனுக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. "இப்ப ஒம்பதரை. பத்தரை வரைக்கும் நிப்பாரு. அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்கமாட்டாரு. பத்தரைக்குள்ள வாறீங்களா இல்லையான்னு சொல்லிருங்கக்கா."

பிரதீபா மைக்கை வைத்துவிட்டு நாத்துவின் மேல்தட்டில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் இழைத்த பலகை. எந்தப் பலகையில் எந்த இடத்தில் முடிச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அதில் அவளே துளை போட்டு, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏற வேண்டும். பம்பை நிறுத்தாமல் இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க முடியுமா? முடியாது. அது பென்சில் வரிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முடிவு சொல்லும் முன் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைப் போட்டாள். முறை இல்லாத நாளில் போன் வந்ததும் முதல் மணியிலேயே எடுத்தான் கோகுல்.

"ஏனுங்க, கப்பல் ஒண்ணு நிக்குதுங்க. நான் அதுல ஏறிக்கறேன். நாத்து வராதுங்க. அதை இங்கயே முங்க வெக்கோணும்." சொல்லிக்கொண்டே மறு கையால் பம்பை அடித்தாள். "எங்கிருந்து தண்ணி வருதுன்னே தெரியாம ஒரு வள்ளத்தை விட்டுப்போட்டு வர்றேனுங்க. பைபர் வேலைக்காரின்னு இனி வெளியில சொல்ல முடியுமா?"

ஒரு நொடி கழித்து அந்தப் பக்கம் கோகுல் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"அம்மா! இப்பவாச்சும் சொல்றயா, நான் சொல்லட்டுமா?"

"சொல்லப்படாதுடா! சொன்னா பலிக்காது!"

"பலிச்ச லட்சணம்தான் பாத்துட்டு இருக்கறமே!"

"ரெண்டு பேரும் என்னத்தைச் சொல்றீங்க?" என்றாள் பிரதீபா.

பழனாத்தாள் போனை வாங்கினாள். ஊரையே அதட்டும் அந்த மனுஷி இப்போது தணிந்த குரலில் பேசினாள். "அம்முணி, கோவிச்சுக்காத. தகடு வெச்சமுடா."

நல்லேப்பிள்ளிப் பக்கம் புது வீட்டுக்கு வாசல் நிலை வைத்தாலும், போர் போட்டு மோட்டார் இறக்கினாலும், லாரி வாங்கினாலும் கோயிலில் மந்திரித்த செப்புத் தகடு ஒன்றை அடியில் பதித்து வைப்பார்கள். யாருக்காக வைக்கிறார்களோ அவர் கண்ணில் அது படக்கூடாது, அவரிடம் சொல்லவும் கூடாது. சோதனை ஓட்டமெல்லாம் முடிந்து, அடிப்பக்கம் வண்ணம் பூச நாத்துவைக் களத்துக்குக் கொண்டுவந்திருந்தபோது, பிரதீபா அனுமதிக் காகிதத்துக்காகக் கொச்சி போன ஒரு நாளில், அம்மாவும் மகனும் தகடு வைத்திருக்கிறார்கள்.

"வெச்சா ஒட்டி வெக்கறதுதானுங்கத்தை?"

"அலையில உளுந்துருச்சுன்னா? சாமி உளுகலாமா? அதான் ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொன்னேன்."

பிரதீபா கண்ணை மூடிக்கொண்டாள். "எத்தனை இஞ்சு ஸ்க்ரூங்க?"

கோகுல் மெல்லச் சொன்னான். "முக்கால் இஞ்சு தேடுனேன், ஊட்ல இல்லை. ஒண்ணரை இஞ்சுதான் இருந்துச்சு."

"பலகையே அரை இஞ்சுதானுங்க!"

"வெளிய வந்த முனையை அரம் வெச்சுத் தேச்சு, பைபர் பசை தடவி, நீ வெச்சிருந்த நீலத்தையே பூசிப்போட்டேன் புள்ளே. ஜோராத்தான் இருந்துச்சு. நீயே கண்டுபிடிக்கில."

அது உண்மைதான். பதினாறு வருஷம் பைபர் தடவியவள் கண்ணிலேயே படாத மாதிரி அவன் வேலை செய்திருந்தான். ஆத்திரத்துக்கு நடுவிலும் பிரதீபாவுக்கு அது கொஞ்சம் பெருமையாக இருந்தது. செம்பும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்பு கரைந்து போகும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"எங்க இருக்குதுங்க தகடு?"

"முன்னால, இடது பக்கம், அரிசி டின்னுக்கு நேர் அடியில," என்றாள் பழனாத்தாள். "சாமி கெழக்க பாத்து இருக்கோணுமில்ல?"

"வள்ளம் திரும்புனா கெழக்கும் மாறுமுங்கத்தை!"

"களத்துல அது கெழக்குத்தான் அம்முணி."

போனைக் கீழே வைத்துவிட்டு முன்பக்கம் பாய்ந்தாள். அரிசி டின்னைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள். பலகையைப் பெயர்த்தாள். பச்சை பூத்துப் போய், உள்ளங்கை அகலத்தில், தகடு தண்ணீருக்குள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நாலு மூலையில் நாலு ஸ்க்ரூ. இரண்டின் தலை மட்டும் கரைந்திருந்தது, தண்டு பலகையில் இறுக்கமாகவே இருந்தது. மற்ற இரண்டும் தொட்டதும் துருப்பொடியாகக் கையோடு வந்துவிட்டன. தகட்டைத் தூக்கியதும் இரண்டு துளையிலிருந்தும் தண்ணீர் குழாய் திறந்தது போல முகத்தில் அடித்தது. மணி பத்துக்கு மூன்று நிமிஷம் இருந்தது.

துணியைச் சுருட்டித் துளையில் திணித்தாள். துப்பியது. மரக்குச்சியைச் சீவி, துணி சுற்றி அறைந்தாள். ஊறிப்போன பலகை வாயைத் திறந்துகொண்டதே தவிர குச்சி நிற்கவில்லை. கையால் பொத்தினாள், விரல் இடுக்கில் வந்தது. கடல் முழுக்க அந்த இரண்டு துளையில் தோள் கொடுத்துத் தள்ளுவது போல இருந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி எத்தனை தள்ள முடியும்?

இப்படித் தள்ளிக்கொண்டே இருந்தவளுக்கு, மூன்றாம் தடவை குச்சி தெறித்து நெற்றியில் பட்டபோது, தன்மேலேயே சிரிப்பு வந்தது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை நேரம் முடிந்த நிமிஷமே தன் மடையை அடைத்துவிட வேண்டும். அடுத்த வயல்காரன் மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நிறை வாய்க்கால் பாயும்போது வயல் பக்கம் நின்று மண் போட்டால் விடிய விடியப் போட வேண்டியதுதான், நிற்காது. வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து வைக்கோல் திணித்த சாக்கை விட்டால், தண்ணீரே அதைக் கொண்டுபோய் மடையில் அறைந்து மூடிக்கொடுக்கும். கோகுலை விடப் பிரதீபா வேகமாக மடை அடைப்பாள் என்று அந்த வாய்க்காலில் அவளுக்குப் பெயரே உண்டு. அப்படிப்பட்டவள் இங்கே வயலுக்குள் உட்கார்ந்து மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தண்ணீர் வருகிற பக்கம் என்றால் கடல். அதற்குள் இறங்க வேண்டும்.

பதினெட்டு நாளில் அவள் ஒரு தரம்கூட வள்ளத்தை விட்டுக் கடலுக்குள் இறங்கியதில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்ததே இல்லை. கீழே நாலு கிலோமீட்டர் ஆழம். நீச்சல் தெரியும், தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல். கிணற்றுக்கு அடி இருந்தது, சுவரும் இருந்தது.

ரேடியோவை எடுத்தாள். "தம்பி, நான் வெளிய எறங்கி அடைக்கப் போறேன். கப்பலைக் கொஞ்சம் காத்து வர்ற பக்கமா நிறுத்த முடியுமா? அலை தணியும்."

"வெளியவா? கடல்லயா? அக்கா, வெளையாடாதீங்க..."

"நேரம் போகுது தம்பி."

அவன் கேப்டனிடம் என்ன சொன்னானோ தெரியாது. அந்தப் பெரிய கப்பல் மெல்ல நகர்ந்து காற்றுக்குக் குறுக்கே வந்து நின்றது. நாத்துவைச் சுற்றி அலை தணிந்து, குளத்துத் தண்ணீர் போல எண்ணெய் மினுக்கோடு ஆடியது. மேலே கம்பி ஓரமாகக் கப்பல்காரர்கள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பிரதீபா பாயை இறக்கினாள். சாமானோடு கொண்டுவந்திருந்த பழைய லாரி டியூபில், தகட்டை விட அகலமாக ஒரு ரப்பர்த் துண்டு வெட்டி, நடுவில் இரண்டு பொத்தல் போட்டாள். உள்ளேயிருந்து இரண்டு துளை வழியாகவும் ஆளுக்கொரு செப்புக் கம்பியை வெளியே நீட்டிவிட்டாள். கடலுக்குள் தேடும்போது தெரிய வேண்டுமே. தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையை உருட்டி ரப்பரில் அப்பினாள். அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பில் நீளமான வேறு கயிறு மாற்றிக் கட்டி, கயிற்றின் மறு நுனியைப் பாய்மரத்தில் இரண்டு முடிச்சு போட்டு, வள்ளத்தின் சின்ன ஏணியில் இறங்கினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. தலையை முக்கிக் கண்ணைத் திறந்தாள். நீலம், நீலம், கீழே போகப் போக இருட்டும் நீலம். கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு வள்ளத்தின் வயிற்றை மட்டும் பார்த்தாள். தான் பூசிய நீலத்தில், தாடை ஓரமாக, இரண்டு கம்பி முனை மீசை போல நீட்டிக்கொண்டிருந்தது. முதல் முக்கில் ஒரு கம்பியைத்தான் ரப்பரின் பொத்தலில் கோக்க முடிந்தது. மேலே வந்து மூச்சு வாங்கினாள். இரண்டாவது முக்கில் வள்ளம் ஆடித் தலையில் ஒரு இடி இடித்தது. மூன்றாவதில் அடுத்த கம்பியும் கோத்துவிட்டது. இரண்டு முனையையும் ரப்பருக்கு வெளியே சேர்த்து முறுக்கிவிட்டு, ரப்பரைத் தள்ளினாள். ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே கடல் அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, பட்டென்று துளை மேல் ஒட்டிக்கொண்டது. வைக்கோல் சாக்கு மடையில் விழுகிற அதே வேகம். தண்ணீருக்குள்ளேயே அவள் சிரித்துவிட்டாள்; ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

மேலே ஏறி, நனைந்த சேவல் போல உள்ளே ஓடி, இரண்டு கம்பியையும் ஒரு ஸ்பேனரின் மேல் சுற்றி, கட்டிங் பிளேயரால் மூட்டை வாய் கட்டுவது போல முறுக்கினாள். மேலே பசையை அப்பி, பைபர் துணி இரண்டு அடுக்கு ஒட்டினாள். பம்பை எடுத்து மிச்சத் தண்ணீரை அடித்தாள். டொக், டொக், டொக். பிறகு பம்பு காற்றை உறிஞ்சிக் கொர்ரென்றது. பத்து மணி இருபது.

பஞ்சைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே ஈரமாகத்தான் தெரிந்தது. பத்து நிமிஷம் இருப்பது போலவும் இருந்தது, பத்து வருஷம் போலவும் இருந்தது.

"அக்கா," என்றது ரேடியோ. "பத்தரை. கேப்டன் ஒரே வார்த்தை கேக்குறாரு. வாறீங்களா, இல்லையா?"

பஞ்சை எடுத்துப் பிழிந்தாள். நாலு சொட்டு. கட்டைவிரல் நுனி அளவு ஈரம். அது அவள் தலைமயிரிலிருந்து சொட்டியதாகக்கூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பன்னிரண்டு நாள் கடலுக்கு அந்த நாலு சொட்டை நம்பிப் பதில் சொல்ல வேண்டும். சுவரில் பென்சில் வரியை ஒருமுறை படித்தாள். இருநூறுக்கு மேல் போனால்தானே? இப்போது பம்பு சும்மா இருக்கிறது.

"இல்லீங்க தம்பி," என்றாள். "நான் வரலை. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயி எறங்கிக்கறோம்."

"ரெண்டு பேரா? ஓ, வள்ளத்தச் சொல்றீங்களா?" ரிஜோ பெருமூச்சு விட்டது ரேடியோவில் கேட்டது. "பாத்துப் போங்கக்கா. எங்கம்மா மதலேனம்மாகிட்டச் சொன்னா நான் புளுகுறேன்னு சொல்லும்."

"நல்லேப்பிள்ளிக்கு வரச் சொல்லு. களத்துல வெச்சு வள்ளத்தையே காட்டறேன்."

கப்பல் மூன்று தரம் ஊதியது. அந்தப் பெரிய சத்தத்தில் நாத்துவின் சட்டிபானை எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. கம்பி ஓரத்துக்காரர்கள் தொப்பியை ஆட்டினார்கள். கப்பல் நகர்ந்ததும் அதன் மறைப்பு போய், காற்று ஓடி வந்தது. பிரதீபா பாயை ஏற்றினாள்.

அப்போதுதான் கீழே போன் கிடப்பது ஞாபகம் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வைக்காமலே விட்டுப் போயிருந்த லைனில், இவ்வளவு நேரமும், ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அல்லோ?" என்றாள்.

ஒரு நொடி கழித்துக் கோகுலின் அழுகையும், அதற்கு மேலே பழனாத்தாளின் அதட்டலும் ஒன்றாக வந்தன. "அழுகறான் பாரு, ஆம்பளை! அம்முணி, அடைச்சுப் போட்டயா?"

"அடைச்சுட்டேனுங்கத்தை."

"தகடு?"

"பத்திரமா இருக்குதுங்க. சட்டியில போட்டு வெச்சிருக்கறேன். ஆணி அடிக்க மாட்டேன், முன்னாலயே சொல்லிப்போட்டேன்."

"சட்டியிலயே இருக்கட்டும்டா," என்றாள் பழனாத்தாள். அவள் ஒரு விஷயத்தில் இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

அடுத்த நாள் பஞ்சு காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் காய்ந்திருந்தது. பூமத்திய ரேகையில் மூன்று நாள் காற்றே இல்லாமல் அப்படியே நின்றாள். பிறகு மேற்கேயிருந்து மழையும் காற்றும் சேர்ந்து வந்து நனைத்தன. முப்பத்திரண்டாம் நாள் காலையில் மேகம் என்று அவள் நினைத்தது மாஹே தீவின் மலையாக மாறியது.

துறைமுகத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது மோட்டார் படகு ஒன்று எதிரே வந்தது. காற்று எதிர்க்காற்று, கயிறு கொடுக்கிறேன், பிடித்துக்கொள், இழுத்துப் போகிறேன் என்று சைகை காட்டினார் அதிலிருந்த மனிதர். பிரதீபா கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த ஒரு மைலை, இடமும் வலமுமாகக் கோலம் போட்டபடி, மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு அவளும் நாத்துவுமே கடந்தார்கள். அந்த மனிதர் போய்விடாமல், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கூடவே மிதந்து வந்தார்.

கரையில் காலை வைத்ததும் பூமி ஆடியது. ஒரு இரும்புத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டேனுங்க."

அந்தப் பக்கம் களம் முழுக்க ஆட்கள் கூடியிருந்தார்கள் போல; சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அதை அடக்கிக்கொண்டு கோகுல் வந்தான். "பிரதீ, நான் ஏரோப்பிளான்ல டிக்கெட் பாக்கறேன். உன்னையக் கூட்டிட்டு வந்துரலாம். இந்த வள்ளத்தைத்தான் எப்படிக் கொண்டாறதுன்னு தெரியில. கன்டெய்னர்ல போட்டு அனுப்பலாமா?"

"கன்டெய்னர் எதுக்குங்க?" என்றாள் பிரதீபா. கயிற்றின் நுனியில் நாத்து மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. "மே மாசம் காத்து நம்ம ஊர்ப் பக்கம் திரும்பிக்கும்."

ஒரு நொடி ஆனது. இன்னும் ஒரு நொடி ஆனது.

"அடே கோகுலு," என்று பழனாத்தாள் தூரத்தில் கூப்பிடுவது கேட்டது, "இவ திரும்பவும் அதுலயேதான் வருவா போலிருக்குதடா!"